கைதட்டல் நிறைய, கல்லா காலி: ரீதிங்க்டிபி மூடிய கதை

2016 அக்டோபர் 5ஆம் தேதி, கலிபோர்னியாவில் இருந்த ரீதிங்க்டிபி என்ற டேட்டாபேஸ் நிறுவனம் கடையை மூடுவதாக அறிவித்தது. அந்தப் பக்கம் தினமும் ஏதாவது ஒரு ஸ்டார்ட்அப் மூடிக்கொண்டுதான் இருக்கும்; நாலு பேர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதற்கு மட்டும் துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் பெரிது. பல நாட்டுப் புரோகிராமர்கள் வருத்தப்பட்டு எழுதினார்கள். தகவலைக் கேட்டு வாங்க எழுதும் அதன் கேள்வி மொழியைப் புகழ்ந்தார்கள், விளக்க ஆவணங்கள் எவ்வளவு தெளிவு என்று புகழ்ந்தார்கள். அப்படி வருந்தியவர்களில் ஏறக்குறைய யாருமே அந்த நிறுவனத்துக்கு ஒரு டாலர்கூடக் கொடுத்ததில்லை.

இது என் குற்றச்சாட்டு அல்ல. நிறுவனர்களில் ஒருவரான ஸ்லாவா அக்மெசெட் 2017 ஜனவரியில், ஏன் தோற்றோம் என்று விரிவாக எழுதினார். ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள், அதிலும் பலர் தொழிலுக்காகவே பயன்படுத்தினார்கள், ஆனால் ஆயுசு முழுக்கப் பயன்படுத்துவதற்கும் சேர்த்து ஒரு கப் காப்பி விலையைக் கொடுக்கக்கூடப் பெரும்பாலோர் தயாராக இல்லை என்று அதில் சொன்னார். கசப்பைச் சிரித்துக்கொண்டே சொல்கிற எழுத்து அது.

புரோகிராமர்கள் தொடங்கும் கம்பெனி ஜனங்கள் காசு கொடுத்து வாங்குகிற பொருளைச் செய்யுமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். அவர்களுக்கு விற்கத் தெரியாது, விற்பனை தெரிந்த ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்பது ஒரு கட்சி. பொருள் நன்றாக இருந்தால் தானாக விற்கும் என்பது இன்னொரு கட்சி. இரண்டையுமே இந்த நிறுவனத்தின் கதை மறுக்கிறது. பொருள் உண்மையிலேயே நன்றாக இருந்தது. விற்பனைக்கு ஒரு ஆளை வைத்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்பது என் கணிப்பு.

மூன்று வருடத்தில் மூன்று பொருள்

ஸ்லாவா அக்மெசெட்டும் மைக்கேல் குளுகோவ்ஸ்கியும் 2009இல், புதுக் கம்பெனிகளுக்கு முதல் பணம் கொடுத்துத் தூக்கிவிடும் ஒய் காம்பினேட்டரின் கோடைக்கால அணியில் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். அப்போது சுழலும் தட்டே இல்லாத, வேகமான எஸ்எஸ்டி வட்டுகள் சந்தைக்கு வந்துகொண்டிருந்த நேரம். இருக்கிற டேட்டாபேஸ்கள் எல்லாம் சுழலும் தட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எஸ்எஸ்டிக்கென்றே அடியிலிருந்து ஒன்றை எழுதினால் வேகம் எங்கேயோ போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். முதலில் மைஎஸ்கியூஎல் என்ற பிரபல டேட்டாபேஸுக்குள் செருகிக்கொள்ளும் ஒரு சேமிப்பு இயந்திரமாகச் செய்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டு, தகவலை நினைவகத்தில் மட்டும் வைக்கும் மெம்கேஷ்டு போலப் பேசும், ஆனால் தகவலை வட்டில் பத்திரமாக வைக்கும் ஒரு கிடங்காக மாற்றினார்கள். அதையும் விட்டுவிட்டு 2012 நவம்பரில், ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவத்தில் இருக்கும் ஆவணங்களைச் சேமிக்கும் முழு டேட்டாபேஸாக, மூலநிரலைத் திறந்து வெளியிட்டார்கள். நாம் இன்று ரீதிங்க்டிபி என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான்.

தொடங்கியது ஒரு தொழில்நுட்ப வாய்ப்பைப் பார்த்து. பணம் கட்டிக்கொண்டு அவதிப்படுகிற யாரோ ஒருவரைப் பார்த்து அல்ல. எஸ்எஸ்டி வந்துவிட்டது, மென்பொருள் இன்னும் வரவில்லை: நல்ல புரோகிராமர் கண்ணில் இந்த இடைவெளி உறுத்தும், கை பரபரக்கும். வாடிக்கையாளருக்கு உறுத்தியதா என்றால், புது வட்டை வாங்கிப் பழைய மைஎஸ்கியூஎல்லில் மாட்டினாலே அவருக்குப் போதுமான வேகம் கிடைத்துவிட்டது.

நன்றாகத்தான் இருந்தது

பொருளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், ஏதோ அரைகுறையாகச் செய்து தோற்றார்கள் என்று நினைத்துவிடுவோம்.

ஒரு ஓட்டலின் சமையல்கட்டில் ஒரு திரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் செல்போனில் ஆர்டர் போட்டதும் திரையில் வர வேண்டும். ரத்து செய்தால் திரையிலிருந்து போக வேண்டும். அந்தக் காலத்து வழக்கப்படி இதற்கு என்ன செய்வோம்? 'புதிதாக ஏதாவது இருக்கிறதா' என்று விநாடிக்கு ஒரு முறை டேட்டாபேஸைப் போய்க் கேட்போம். நூறு திரை இருந்தால் விநாடிக்கு நூறு கேள்வி. பெரும்பாலான நேரம் பதில் 'இல்லை'. சர்வர் மூச்சு வாங்கும். அதைத் தவிர்க்க நடுவில் ஒரு செய்தி வரிசையை வைப்போம். பிறகு வரிசையில் இருப்பதும் டேட்டாபேஸில் இருப்பதும் ஒத்துப்போகாமல் ஒரு நாள் சாம்பார் வடை இரண்டு முறை போகும்.

ரீதிங்க்டிபியில் 'இந்த ஓட்டலின் நிலுவை ஆர்டர்கள்' என்ற கேள்வியை எழுதி, அதன் வாலில் 'சேஞ்சஸ்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் வேலை முடிந்தது. அந்தக் கேள்வியின் விடை எப்போது மாறினாலும், பழைய ஆவணம் எது, புதிய ஆவணம் எது என்று டேட்டாபேஸே உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் போய்க் கேட்க வேண்டாம். கேள்வி மொழியும் தனியாக மேற்கோள் குறிக்குள் ஒரு எழுத்துச் சரமாக எழுதுவது இல்லை. பைத்தானில் எழுதினால் பைத்தான் மாதிரியே, ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் மாதிரியே சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகலாம். நிர்வாகத் திரை உலாவியிலேயே திறக்கும். அட்டவணையை எத்தனை சர்வரில் பிரித்து வைப்பது என்பதைச் சுட்டியை அழுத்தியே முடித்துவிடலாம். ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் ஒரு பழைய சினிமாவின் பெயரை வைத்தார்கள். ரசனைக்காரர்கள்.

நேர்மையும் இருந்தது. ஜெப்சன் என்ற பெயரில் டேட்டாபேஸ்களைச் சித்திரவதை செய்து சோதிக்கும் கைல் கிங்ஸ்பரி 2016 ஜனவரியில் இதைச் சோதித்தார். பாதுகாப்பான அமைப்புகளில் வைத்தபோது, சொன்னதைச் செய்தது. சர்வர் அணியைச் சோதனையின் நடுவில் மாற்றிமாற்றி அமைத்தபோது ஒரு பிழை அகப்பட்டது, அதையும் திருத்தினார்கள். அந்தச் சோதனையில் இவ்வளவு கௌரவமாக வெளியே வந்தவை கொஞ்சம்தான்.

இதற்குப் பக்கத்தில் அதே சந்தையில் இருந்த போட்டி டேட்டாபேஸான மாங்கோடிபியை வைத்துப் பாருங்கள். டபுள்கிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனத்தில் இருந்த டுவைட் மெரிமன், எலியட் ஹொரோவிட்ஸ், கெவின் ரையன் ஆகியோர் 2007இல் டென்ஜென் என்ற பெயரில் தொடங்கியது அது. அவர்களின் முதல் திட்டம் வேறு. கிளவுடில் செயலிகளை நடத்தித் தரும் மேடை ஒன்றைச் செய்யப் போய், அதற்காக எழுதிய டேட்டாபேஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். ஆரம்பக் காலத்தில் அதன் இயல்பான அமைப்பு என்ன தெரியுமா? ஒரு தகவலை எழுதச் சொன்னால், சர்வரிடமிருந்து 'எழுதிவிட்டேன்' என்ற பதிலுக்கே காத்திருக்காது. அனுப்பியாயிற்று, அவ்வளவுதான், மீதி ஆண்டவன் விட்ட வழி. 2012 நவம்பர் வரை இதுதான் நிலைமை. 2013இல் கிங்ஸ்பரி சோதித்தபோது, நெட்வொர்க் துண்டானால் எழுதிவிட்டதாக ஒப்புக்கொண்ட தகவல்களைக்கூட அது தொலைத்தது. புரோகிராமர்கள் அதை வைத்து வருடக்கணக்கில் ஜோக் அடித்தார்கள்.

ஜோக் அடித்துக்கொண்டே பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

அவரே சொன்ன காரணங்கள்

அக்மெசெட் இரண்டு காரணம் சொன்னார். மோசமான சந்தையில் நுழைந்தோம் என்பது ஒன்று. தாங்கள் டேட்டாபேஸ் நிறுவனம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்க, வந்தவர்கள் அதைப் புரோகிராமர்களுக்கான இன்னொரு இலவசக் கருவியாகத்தான் பார்த்தார்கள் என்கிறார். இரண்டாவது, எது நல்ல பொருள் என்பதைத் தவறான அளவுகோலால் அளந்தோம் என்பது. பிழையற்ற தன்மை, எளிய இடைமுகம், எல்லா இடத்திலும் ஒரே சீர் ஆகிய மூன்றுக்கும் உயிரைக் கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்கள் எதிர்பார்த்ததோ வேறு: எனக்குத் தேவைப்படும்போது பொருள் கையில் இருக்க வேண்டும், என் கண்ணுக்குத் தெரிகிற வேகம் வேண்டும், இதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரிகிற வேகம் என்பதற்கு அவர் கொடுத்த உதாரணம் எனக்குப் பிடித்தது. ஒருவர் புதிதாக ஒரு டேட்டாபேஸைப் பதிவிறக்குகிறார். உட்கார்ந்து பத்து வரியில் ஒரு நிரல் எழுதுகிறார்: பத்தாயிரம் ஆவணங்களை உள்ளே தள்ளு, எவ்வளவு நேரம் ஆகிறது பார். தள்ளியதைத் திரும்ப எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. வட்டில் எழுதி முடியும் வரை காத்திருக்காத மாங்கோடிபி இந்தப் பந்தயத்தில் பறக்கும். ஒவ்வொரு ஆவணத்தையும் வட்டில் பத்திரப்படுத்திவிட்டு 'சரி' சொல்லும் ரீதிங்க்டிபி நொண்டும். 'நிஜ உலக வேலை இப்படி இருக்காது' என்று அவர்கள் விளக்கிப் பார்த்தார்கள். விளக்கம் கேட்க யாருக்கு நேரம்?

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் படித்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 'சீக்கிரம் வெளியிடு, குறையோடு வெளியிடு' என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் மனப்பாடம் ஆன பாடம் என்பதால் அது சுலபமாக இறங்கிவிட்டது. என் பார்வையில் கனமானது முதல் காரணம்தான். நிஜத் தொழிலில் நம்பி வைக்கலாம் என்று நிறுவனமே சொன்ன 2.0 பதிப்பு 2015 ஏப்ரலில் வந்தது. ஒரு சர்வர் படுத்தால் தானாக இன்னொன்று பொறுப்பேற்கும் வசதி அதற்கடுத்த 2.1இல் வந்தது. இதெல்லாம் மூன்று வருடம் முன்னாடியே வந்திருந்தால்? பயனர்கள் இன்னும் அதிகமாகியிருப்பார்கள். கைதட்டல் இன்னும் பலமாகியிருக்கும். பணம்?

ஜெயித்தவரின் கணக்கு

இதற்குப் பதில் மாங்கோடிபியின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2017 அக்டோபரில் அது நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது, பங்கு 24 டாலர். அதற்காகத் தாக்கல் செய்த ஆவணத்தில் இரண்டு எண்கள் உண்டு. இலவசப் பதிப்பு அதுவரை 3 கோடி முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்தது. பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் 4,300க்குக் கொஞ்சம் மேல்.

ஒருவரே இருபது முறை பதிவிறக்குவார், சோதனை இயந்திரங்கள் தினமும் பதிவிறக்கும், எல்லாம் சரி. எப்படிக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும்தான். இது அந்தச் சந்தையில் ஜெயித்த கம்பெனியின் எண் என்பதையும் மறக்கக் கூடாது. 2017 ஜனவரியோடு முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 10.14 கோடி டாலர், நிகர நஷ்டம் 8.67 கோடி டாலர். மென்பொருளை எழுதுவதற்குச் செலவிட்டதைவிட விற்பனைக்கும் சந்தைப்படுத்தலுக்கும் அதிகம் செலவிட்டது. பட்டியலாவதற்கு முன்பு 30 கோடி டாலருக்கு மேல் முதலீடு வாங்கியிருந்தது. 'விற்பனைக்கு ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையின் உண்மையான விலை இதுதான். ஒரு ஆள் அல்ல, ஒரு படை வேண்டும்.

படை மட்டும் இருந்தாலும் போதாது, அது எடுத்துப் போய் விற்க ஒரு பொருளும் வேண்டும். எனக்கு மிகவும் சுவாரசியமாகப்படுவது இந்த இடம்தான். மாங்கோடிபி பெரிய நிறுவனங்களுக்கு விற்ற பதிப்பில் என்னென்ன இருந்தன? கெர்பரோஸ் என்ற பாதுகாப்பான உள்நுழைவு முறை, 2013லிருந்தே. பிறகு நிறுவனத்தின் ஊழியர் பட்டியலோடு இணைக்கும் எல்டாப், யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்ற தணிக்கைப் பதிவு, வட்டில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கம், காப்புப் பிரதியை நிர்வகிக்கும் கருவி. இவற்றில் ஒன்றாவது எந்தப் புரோகிராமரையாவது ராத்திரி கண்விழித்து எழுத வைக்குமா? ஆனால் ஒரு வங்கியில் தணிக்கையாளர் வந்து உட்கார்ந்து 'இந்த வாடிக்கையாளர் பட்டியலை யார் யார் பார்த்தார்கள், காட்டுங்கள்' என்று கேட்டால், அந்தப் பதிவு இல்லாத டேட்டாபேஸை அன்றைக்கே தூக்க வேண்டியிருக்கும். காசு கொடுக்க வைப்பது அந்தக் கேள்வி. கொடுப்பவர் புரோகிராமரும் அல்ல. பழி தன் தலையில் விழுமே என்று பயப்படுகிற மேலாளர்.

ரீதிங்க்டிபியில் பயனர் கணக்குகளும், யாருக்கு எந்த அட்டவணையில் அனுமதி என்ற ஏற்பாடும், வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி தடுக்கும் டிஎல்எஸ் மறையாக்கமும் எப்போது வந்தன? 2.3 பதிப்பில். 2016 ஏப்ரல். மூடுவதற்கு ஆறு மாதம் முன்பு. அதுவரை முழு டேட்டாபேஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு திறவுச்சொல்தான்.

வெளியீடுகளின் வரிசையைப் பார்த்தாலே யாரை மனதில் வைத்து வேலை பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும். அழகான கேள்வி மொழி முதலில். பல சர்வரில் பரவி ஓடும் கேள்விகள், தானாக ஓடிவரும் மாற்றங்கள் அடுத்து. பூட்டு சாவி கடைசியில். அவர்களுக்குச் சுவையானது எதுவோ அது முன்னால், காசு வருவது எதுவோ அது பின்னால். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது, மாடாக உழைத்திருக்கிறார்கள். தன்னைப் போன்ற ஒருவருக்காகவே பொருள் செய்தார்கள், அவ்வளவுதான். உனக்குத் தேவையானதை நீயே செய் என்பது ஸ்டார்ட்அப் உலகில் வேதவாக்கு. செய்தவர் புரோகிராமராக இருந்தால் வாடிக்கையாளரும் புரோகிராமராகவே அமைந்துவிடுகிறார். புரோகிராமரைப் போல மோசமான வாடிக்கையாளர் கிடையாது. பக்கத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இலவசமாகக் கிடக்கிறது. அதுவும் பிடிக்காவிட்டால் 'இதில் என்ன இருக்கிறது, இரண்டு வார இறுதி கொடுத்தால் நானே எழுதிவிடுவேன்' என்று மனதார நம்புகிற இனம் நாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அலுவலகத்தில் எந்த டேட்டாபேஸ் என்று முடிவு செய்கிற உரிமை அவரிடம் இருக்கும், செலவுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இருக்காது. இலவசம் என்றால் யாரையும் கேட்காமல் இன்றைக்கே நிறுவிவிடலாம். 50 டாலர் என்றால் மூன்று பேருக்கு மின்னஞ்சல் போட வேண்டும். அந்த மூன்று மின்னஞ்சலைத் தவிர்ப்பதற்காகவே எத்தனையோ பேர் இலவசத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வேறு யாரோ வசூலித்தார்கள்

ரீதிங்க்டிபியை வைத்து மாதா மாதம் பணம் வாங்கியவர்களும் உண்டு. கம்போஸ் என்ற நிறுவனம் அதைத் தன் சர்வர்களில் நடத்திக் கொடுத்தது. காப்புப் பிரதி எடுப்பது, நடு ராத்திரியில் சர்வர் படுத்தால் எழுப்பிவிடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2015இல் கம்போஸை ஐபிஎம் வாங்கிக்கொண்டது. மாற்றங்கள் தானாக ஓடிவரும் அதே எண்ணத்தை ஃபயர்பேஸ் என்ற நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே சேவையாக நடத்தியது. சர்வர் அவர்களுடையது, பயன்பாட்டுக்கு ஏற்பப் பில் வரும். 2014 அக்டோபரில் கூகுள் அதை வாங்கியது. ஃபயர்பேஸின் கேள்வி வசதிகள் ரீதிங்க்டிபியோடு ஒப்பிட்டால் பரிதாபம். ஆனாலும் மென்பொருளை இனாமாக எதிர்பார்க்கிற அதே புரோகிராமர், சர்வர் வாடகை என்று வந்தால் முணுமுணுக்காமல் கட்டுவார். வாடகை என்பது அவர் மனதில் நியாயமான செலவு. கம்பெனியும் அதற்கென்று ஒரு தொகையை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கும்.

ரீதிங்க்டிபியும் கடைசியில் இந்தப் பக்கம் திரும்பத்தான் செய்தது. ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு செயலிக்குப் பின்னால் சர்வரில் ஓடும் ஹொரைசன் என்ற பின்தளத்தை 2016 மே மாதம் வெளியிட்டு, அதை நடத்தித் தரும் கிளவுட் சேவையையும் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கையிருப்பு அதுவரை தாங்கவில்லை. மாங்கோடிபி, டேட்டாபேஸைத் தானே நடத்தித் தரும் தன் அட்லஸ் சேவையைத் தொடங்கியதும் அதே கோடையில்தான், 2016 ஜூன். பிற்பாடு அந்த நிறுவனத்தின் வருவாயில் பாதிக்கு மேல் அட்லஸிலிருந்தே வரத் தொடங்கியது. ஒரே சமயத்தில் இருவரும் ஒரே பாதையைக் கண்டார்கள். ஒருவருக்கு ஓட்டிப்போகப் பெட்ரோல் இருந்தது, இன்னொருவர் வண்டி நின்றுவிட்டது.

போன இடம்

மூடியபோது அந்தப் பொறியாளர்கள் போய்ச் சேர்ந்த இடம், இணையத்தில் கார்டு பணம் வாங்க உதவும் ஸ்டிரைப். அங்கேதான் இந்த வழக்கில் எதிர்ச் சாட்சி இருக்கிறது.

ஸ்டிரைப்பைத் தொடங்கிய பேட்ரிக் கொலிசன், ஜான் கொலிசன் சகோதரர்களும் புரோகிராமர்கள். அயர்லாந்துக்காரர்கள். வாடிக்கையாளர்களும் புரோகிராமர்களே. விளக்க ஆவணங்களின் தெளிவுக்கு அதுவும் பெயர் போனது. ஒய் காம்பினேட்டரில் அதுவும் பணம் வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ரீதிங்க்டிபியின் சித்தப்பா பிள்ளை மாதிரி. 2010இல் தொடங்கி 2011 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு அமெரிக்காவில் ஒரு சின்ன இணையதளம் கார்டில் பணம் வாங்க வேண்டுமென்றால், வங்கியில் வணிகக் கணக்குக்கு விண்ணப்பித்து, தாள்களை அனுப்பி, கார்டு விவரத்தை வங்கிக்குக் கடத்தும் ஒரு கேட்வே நிறுவனத்தோடு தனியாக ஒப்பந்தம் போட்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே சில வரி நிரலை ஒட்டினால் போதும். கட்டணம் 2.9 சதவீதம், அதோடு 30 சென்ட். தொடக்கக் கட்டணம் இல்லை, மாதக் கட்டணம் இல்லை.

100 டாலர் விற்பனை நடந்தால் 3 டாலர் 20 சென்ட் ஸ்டிரைப்புக்குப் போகும், மீதி 96 டாலர் 80 சென்ட் கடைக்காரருக்கு வரும். இதில் புரோகிராமர் யாரிடமும் போய்க் கை நீட்டவில்லை, மூன்று மின்னஞ்சல் போடவில்லை. செலவுக்கு அனுமதி கேட்கும் கட்டமே வரவில்லை. வருகிற பணத்திலேயே கழித்துக்கொள்கிறார்கள். போட்டியாளர் இலவசமும் இல்லை. வங்கியும் கேட்வேயும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்த தொகைதான் கை மாறியது. ஆகவே அழகான ஆவணங்களில் செலவழித்த உழைப்பு ரீதிங்க்டிபிக்குப் பாராட்டாகவும், ஸ்டிரைப்புக்குக் காசாகவும் திரும்பியது. உழைப்பில் வித்தியாசம் இல்லை. நின்ற இடத்தில் வித்தியாசம்.

ஸ்டிரைப் சகோதரர்களைப் பற்றி இன்னொரு விஷயம் அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். யாராவது 'சரி, முயன்று பார்க்கிறேன்' என்றால், இணைப்பை அனுப்பி வைக்கிறோம் என்று நழுவாமல், 'லேப்டாப்பை இப்படிக் கொடுங்கள்' என்று வாங்கி அங்கேயே நிறுவிக் கொடுத்துவிடுவார்களாம். இதைத் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறொன்றாகத் தெரிகிறது. எதிரில் இருப்பவருக்கு உண்மையில் காசு வாங்க வேண்டிய தேவை இருக்கிறதா, இல்லை சும்மா மரியாதைக்குத் தலையாட்டினாரா என்பது அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரியாது.

நம்ம ஊர்க் கதை ஒன்று இங்கே பொருந்தும். 2010இல் ஜென்டெஸ்க் தன் வாடிக்கையாளர் சேவை மென்பொருளின் விலையை ஏற்றியபோது அதைப் பயன்படுத்தியவர்கள் கொதித்துப் போனார்கள். ஜோஹோவில் இருந்த கிரிஷ் மாத்ருபூதம் அந்தக் கோபத்தைப் படித்துவிட்டுத்தான், ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து, சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். 2021 செப்டம்பரில் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அது நாஸ்டாக் வரை போனது. விலை ஏறிவிட்டது என்று திட்டுபவர் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருப்பவர். அவரிடம் வந்தால் விலையைப் பற்றிப் பேரம் பேசலாம். காசு கொடுப்பது என்ற பழக்கத்தையே புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ரீதிங்க்டிபியைப் பற்றி யாரும் விலை அதிகம் என்று திட்டியதாக நான் எங்கும் படித்ததில்லை.

மிச்சம்

நிறுவனம் போன பிறகு நிரல் அந்தரத்தில் நின்றது. நிரலை மாற்றி நடத்துபவர் அந்த மாற்றத்தையும் திறந்து வெளியிட வேண்டும் என்கிற ஏஜிபிஎல் என்ற கறாரான உரிமத்தில் இருந்ததால் பல பெரிய நிறுவனங்கள் அதைத் தொடவே தயங்கின. 2017 பிப்ரவரியில் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் அறக்கட்டளை அதன் பதிப்புரிமையை வாங்கி, தாராளமான அப்பாச்சி உரிமத்துக்கு மாற்றி, லினக்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. கொடுத்த விலை 25,000 டாலர். ஏழு வருடம் ஒரு குழு எழுதிய டேட்டாபேஸின் விலை, சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஒரு பொறியாளரின் சில மாதச் சம்பளம். அதன் பிறகு ஆர்வலர்கள் சேர்ந்து 2.4 பதிப்பையும் கொண்டுவந்தார்கள்.

2017 முடியும் நேரத்தில் மாங்கோடிபியின் 3.6 பதிப்பு வந்தது. அதில் சேஞ்ச் ஸ்ட்ரீம்ஸ் என்ற புது வசதி: தகவல் மாறினால் நீங்கள் போய்க் கேட்க வேண்டாம், டேட்டாபேஸே சொல்லும். ரீதிங்க்டிபியில் பலவகைக் கேள்விகளின் வாலில் மாட்ட முடிந்த அளவுக்கு அது வளையாது. அட்லஸில் சர்வர் எடுத்தவர்களுக்கு அது மாதக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.